நோயாளி நான் அல்லேன் என்பது குறித்து

பெருமதிப்பிற்கும், சற்றே அச்சத்திற்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதுவது. அங்குத் தாங்களும், தங்கள் இல்லத்தாரும், மரக்கடையும், கடைசல் பொறியும் குறைவின்றி இயங்கிவர விழைகிறேன். இங்கு இருவரும் நலம் என்று எழுதுவது மரபு. அம்மரபில் இன்று பாதி மட்டுமே உண்மை. எந்தப் பாதி என்பதில் எனக்கே பெருங்குழப்பம் நேர்ந்து, அதைத் தொலைபேசி வழியே தங்களுக்கும் பரப்பி, தாங்களும் அதை நம்பிச் செயலில் இறங்கிவிட்டமையால் இக்கடிதம் இன்றியமையாததாயிற்று.

தாங்கள் தங்கள் கையாலேயே கடைந்து, மெருகிட்டு, பிடியில் தோல் சுற்றி அனுப்பிய ஊன்றுகோல் நேற்று வந்து சேர்ந்தது. அதன் வழவழப்பை என்னென்பேன், உறுதியை என்னென்பேன். அஞ்சல்காரரே அதை ஊன்றிக்கொண்டு வாசலில் சற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் மனமின்றி ஒப்படைத்தார். அத்தகைய கோலை மறு அஞ்சலில் திருப்பி அனுப்புகிறேன். சினம் வேண்டா. குறை கோலில் இல்லை. என் முழங்காலில் இருப்பதாகச் சொல்லப்பட்ட குறை அங்கே இல்லை. எனக்கு முடக்குவாதம் என்று தங்களுக்கு அறிவித்தவன் நானே. எனக்கு அது இல்லை என்று இன்று அறிவிப்பவனும் நானே. அது இருப்பது தங்கள் தங்கைக்கு. அவருடைய விரல்களுக்கு. அந்த விரல்களைக் காப்பது பற்றித் தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே எழுதுகிறேன். ஆயினும் பின்னணி கூறாமல் கோரிக்கை வைப்பது தொழிற்சங்க மரபன்று.

போக்குவரத்துப் பணிமனையில் ஓய்வு பெற்று, தொழிலாளர் சங்கச் செயலாளர் பொறுப்பையும் இறக்கி வைத்த நாள்முதல் நான் தங்கள் தங்கையின் அடுமனையில் முன்னறை இருக்கையில் அமர்ந்து வருவோரை வரவேற்று வருகிறேன் என்பது தாங்கள் அறிந்ததே. பின்னறையில் அவர் மாவு பிசைவார். "நான் மாவைப் பிசையறேன், இவர் வர்ற ஆளைப் பிசையறார்" என்று அவரே வாடிக்கையாளரிடம் சொல்வதுண்டு. அவ்வாறு இனிது நடந்துவந்த நிறுவனத்தில் முதல் விரிசல் பின்னல் ரொட்டியில் தெரிந்தது. மூன்று புரிகளாக மாவைத் திரித்து இறுக்கிப் பின்னுவாரே, அந்த ரொட்டியின் பின்னல் வரவரத் தளர்ந்தது. எதிர்க்கடை முடிதிருத்துநர் ஒரு காலையில் ரொட்டியைத் தூக்கிப் பிடித்து, "என்ன சார், இன்னிக்கு ரொட்டி தலை பின்னாம வந்திருக்கு?" என்றார். புதிய வடிவம் என்றேன். மறுநாள் பன்கள் ஒவ்வொன்றும் ஓர் உருவில் இருந்தன. தன்னுரிமை என்றேன். அதற்கடுத்து ஒரு தட்டு முழுவதும் தரையில் கவிழ்ந்தது. அதற்கு எந்தக் கொள்கையும் என் வாயில் வரவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் வேறு சிலவும் என் கண்முன் நடந்தன. அவர் விடியுமுன் எழுந்து வெந்நீர்க் கிண்ணத்தில் இரு கைகளையும் அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகே மாவுக் கலத்தைத் திறப்பார். அதையும் விரலால் திறப்பதில்லை. மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துக் கலத்தைத் திருப்புவார். துணி பிழிவதற்குப் பதில் குழாயின்மேல் போட்டு முழங்கையால் அழுத்துவார். மோதிரம் விரலைவிட்டுச் சோப்பு நுரையோடு கழன்று ஒரு சின்ன டப்பாவுக்குப் போயிற்று. என்னவென்று வினவினேன். "ஒண்ணுமில்லீங்க, வேலை ஜாஸ்தி" என்றார். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே ஆன இடத்தில் ஓய்வு கேட்பதற்கு எதிர்த்தரப்பே இல்லை என்பதால் இது நேர்கிறது என்று நான் அவருக்கு விளக்கினேன். விளக்கம் முடியும்வரை அவர் பொறுமையாக நின்றார். நின்றவர் கையில் இருந்த மாவு காய்ந்துபோயிற்று.

இறுதியில் எங்கள் தெரு மருத்துவரிடம் இருவரும் சென்றோம். அவர் தங்கள் தங்கையின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடக்குவாதமா என்று அறியக் குருதி ஆய்வு எழுதித் தந்தார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சிலருக்கு நிலைமாறி அவர்தம் மூட்டையே தாக்கும், அப்படிப்பட்ட ஒன்று குருதியில் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். தங்கள் தங்கையோ ஊசி என்றதும் மறுத்துவிட்டார். "எனக்கு என்ன பெரிய நோவு, கை வலிக்கு யாராவது ரத்தம் குடுப்பாங்களா?" என்றார். தொண்டர் தயங்கும்போது தலைவன் முன்செல்ல வேண்டும் என்பது என் வாழ்நாள் நெறி. "நானும் கொடுக்கிறேன், அதே ஆய்வு, அதே ஊசி, முதலில் என் கை" என்று அறிவித்தேன். மைத்துனரே, அனைத்துக்கும் வித்து அங்கே விழுந்தது.

குருதி கொடுப்பதென்றால் வெறும் வயிறு வேண்டும் என்று நானே முடிவெடுத்து, முதல்நாள் மாலையிலிருந்து இருவரும் பட்டினி என்று ஆணையிட்டேன். மறுநாள் ஆய்வுக்கூடத்துப் பெண் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு சாப்பிட்டே வரலாமே சார், யாரு உங்களை வெறும் வயித்துல வரச் சொன்னா?" என்றார். தங்கள் தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் திரும்பாமை ஒரு தனிக் கலை. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஊசியைக் கண்டு அஞ்சுவோர் குறித்துச் சில சொற்கள் கூறினேன். ஊசி ஏறும்வரை கூறிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது, என் தலை அவர் தோளில் சாய்ந்திருந்ததும், அவர் ஒரு கையால் என்னைத் தாங்கிக்கொண்டு மறு கையை நீட்டி அமைதியாகக் குருதி கொடுத்துக்கொண்டிருந்ததும்தான். "சார் எப்பவும் இப்படித்தானா?" என்று அப்பெண் கேட்க, "பேச ஆரம்பிச்சா சாப்பாடு மறந்துடும்" என்று என் மானத்தைக் காத்தார். தாங்கள் வளர்த்த பிள்ளை, அப்படித்தான் இருப்பார்.

முடிவுகள் வந்த வேளையில் தெரு மருத்துவர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பும்வரை தாள்களை மடித்து வைத்திருப்பதே அறிவுடைமை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது தோன்றவில்லை. முன்னறையில் நின்று, வாடிக்கையாளர் முன்னிலையில், இரு தாள்களையும் உரக்கப் படித்தேன். முடக்குவாதக் காரணி என்று ஒன்று, அந்த எதிர்ப்பொருளுக்குரிய எண். தங்கள் தங்கையின் தாளில் அந்த எண் வரம்புக்குள் அடங்கி நின்றது. என் தாளில் வரம்பைத் தாண்டித் தடித்த எழுத்தில் நின்றது. முடிதிருத்துநர் கத்தரியோடு ஓடிவந்து, "அப்ப சாருக்குத்தான் வாதமா?" என்றார். தங்கள் தங்கை, "அப்பாடா, எனக்கு ஒண்ணுமில்லையாம்" என்றார். சொல்லிவிட்டு, பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் தம் விரல்களைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று மாவு பிசைந்தார். அன்றிலிருந்து அவர் கை வலிக்கிறது என்று ஒருமுறையும் சொல்லவில்லை. தாளே நோயில்லை என்று சொல்லிவிட்ட பிறகு எந்த உரிமையில் சொல்வார்?

நானோ படுத்துவிட்டேன். நடிப்பென்று எண்ணற்க. தாளைப் படித்த மாலையே என் முழங்கால் கனத்தது. மறுநாள் தோள். அதற்கு மறுநாள், எங்கே என்று சுட்டிக்காட்ட இயலாத, ஆனால் ஐயத்திற்கு இடமற்ற ஒரு வலி. தங்களுக்குத் தொலைபேசியில் "உடலின் காவற்படையே எனக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்துவிட்டது" என்று சொன்னேனே, அது இந்தக் கட்டத்தில்தான். தாங்கள், "மாப்பிள்ளை, மனசைத் தளர விடாதீங்க, நான் ஒரு தடி செஞ்சு அனுப்பறேன்" என்றபோது நான் கண் கலங்கியது உண்மை. பணிமனைத் தோழர்கள் திரண்டு வந்தார்கள். நெடுந்தடத்தில் பேருந்து ஓட்டிய, நாங்கள் 'ஹாரன்' என்றழைக்கும் தோழர் என் கட்டிலின் தலைமாட்டில் அமர்ந்து, "தலைவரே, வலி எந்த இடத்துல?" என்றார். எல்லா இடத்திலும் என்றேன். "அது ஒரு விதத்துல நல்லது தலைவரே, டாக்டர் எங்க தொட்டாலும் தப்பாப் போகாது" என்றார். என் உடல்நலம் வேண்டி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். வழிமொழிந்தவர் தக்காளி ஆகாது என்றார். நன்றி கூறியவர் தக்காளிதான் மருந்து என்றார். அவ்வளவு பேருக்கும் தேநீரும் பன்னும் வந்துகொண்டே இருந்தன. தட்டை விரலால் பிடிக்காமல் இரு முன்கைகளின்மேல் ஏந்திக்கொண்டு வந்தவர் யார் என்று தாங்கள் கேட்க வேண்டா. அன்றைக்கு அறையில் இருந்த நாங்களும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்றை எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் தங்கள் தங்கை எழுதச் சொல்வார் என்பதற்காக அன்று. எழுதாமல் விட முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் அவர் கடை அடைத்து வந்து எண்ணெய் காய்ச்சி என் முழங்காலுக்குத் தேய்த்துவிடுவார். "இங்கயா வலிக்குது?" "இன்னும் கொஞ்சம் மேலே." "இங்க?" "அழுத்தித் தேய்." அழுத்தித் தேய்த்தார். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். களைப்பா என்றேன். "இல்லீங்க, எண்ணெய் ஆறிடுச்சு" என்று எழுந்து போனார். எண்ணெய்க் கிண்ணம் என் பக்கத்திலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

தோழர்கள் வற்புறுத்தியதால் மூட்டுநோய்க்கென்றே படித்த பெரிய மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். துணைக்குத் தங்கள் தங்கையை அழைத்துச் சென்றேன். ஆம், நான் நோயாளி, அவர் துணை. மருத்துவர் ஒரு பெண்மணி. குரலை உயர்த்தவே தெரியாதவர். அதனால் நாமும் தாழ்த்திக்கொள்ள நேர்கிறது. என் நோயின் வரலாற்றைத் தொடக்கம்முதல் எடுத்துரைத்தேன். அவர் என் விரல்களை மடக்கச் சொன்னார், மடக்கினேன். முட்டியை அழுத்தினார், வலிக்கவில்லை. காலையில் எழுந்ததும் விறைப்பு உண்டா என்றார், கொள்கையளவில் உண்டு என்றேன். எழுந்து நடக்கச் சொன்னார், நடந்தேன். "நல்லாத்தானே நடக்கறீங்க" என்றார். அப்படியானால் இந்தத் தாளில் உள்ள எண்ணுக்கு யார் பொறுப்பு என்று நியாயம் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்குத் தாகமெடுத்தது. தங்கள் தங்கை தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். மூடி திறக்கவில்லை. புட்டியை இரு முழங்கைகளுக்கிடையில் இடுக்கி, குனிந்து, மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, துடைத்து என்னிடம் நீட்டினார். எனக்கு அது வழக்கமான காட்சி. மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க இப்படி வந்து உக்காருங்க. கையைக் காட்டுங்க."

"எனக்கு இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சுங்க டாக்டர்."

"ரிப்போர்ட் கிடக்கட்டும். கையைக் காட்டுங்க."

என் இருக்கையில் அவரை அமர்த்தி என்னை நிற்கவைத்தார். இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். விரல் அடிக்கணுக்கள் இரு கையிலும் ஒரே மாதிரி உப்பியிருந்தன. கையைக் குறுக்கே பிடித்து மெல்ல அழுத்தியபோது தங்கள் தங்கை கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "காலையில விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டார். நான், "அவர் விடியுமுன்னே எழுந்து..." என்று தொடங்கினேன். "சார், நீங்க இல்ல. அவங்க சொல்லட்டும்." பிறகு, "எத்தனை மாசமா?" நான், "பின்னல் ரொட்டி தளர்ந்த காலந்தொட்டு..." "சார்." நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தாறு ஆண்டுப் பொதுவாழ்வில் எதிரணியினர் எவராலும் இயலாத செயல் அது. அவ்வாறு மூடிக்கொண்ட பிறகுதான் தங்கள் தங்கை பேசினார். ஒரு மணிக்கு மேலாக விரல்கள் மரக்கட்டையாக இருக்கும் என்றார். சட்டைப் பொத்தான் போட முடியாததால் தலைவழி மாட்டும் உடைக்கு மாறிவிட்டேன் என்றார். மாவு பிசையும்போது அழுகை வரும், ஆனால் மாவில் விழுந்தால் உப்பு கூடிவிடும் என்று அடக்கிக்கொள்வேன் என்று சொல்லிச் சிரித்தார். மைத்துனரே, பின்னறைக்கும் முன்னறைக்கும் இடையில் ஒரு துணித்திரைதான் இருக்கிறது. நான் அந்தத் திரைக்கு இப்பால்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் ஆய்வு பொய்யா என்று கேட்டேன். மருத்துவர் நான் என்ன வேலை பார்த்தேன் என்று வினவி, தெரிந்துகொண்டு, எனக்குப் புரியும் மொழியிலேயே விளக்கினார். "ஊர்வலத்துல கையில கொடி வச்சிருக்கறவன் எல்லாம் கல் எறியறவன் இல்லை, இல்லையா சார்? கல் எறியறவன் எல்லாரும் கொடியோட வர்றதும் இல்லை. இந்த முடக்குவாதக் காரணி ஒரு கொடி மாதிரி. வயசானவங்க சிலர் ரத்தத்துல நோயே இல்லாம இது சும்மா இருக்கும், உங்களுக்கு இருக்கற மாதிரி. வேற ஏதாவது தொத்து வந்தாலும் ஏறும். நிஜமா நோய் இருக்கறவங்கள்லயே சிலருக்கு இது வராது. அதனாலதான் முதல்ல ஆளைப் பாக்கணும், அப்புறம் தாளைப் பாக்கணும். நீங்க தாளைப் பாத்துட்டு ஆளைப் படுக்க வச்சுட்டீங்க. அதுவும் தப்பான ஆளை." நான் ஏற்றுக்கொண்டேன். கூட்டம் நடத்தியவனுக்குக் கொடியையும் கல்லையும் பிரித்துச் சொன்னால் ஏறாமல் இருக்காது. "இன்னொரு எதிர்ப்பொருள் இருக்கு, அது இந்த நோய் இல்லாதவங்களுக்கு வர்றது ரொம்பக் குறைவு. அதையும், உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற டெஸ்ட்டையும் அம்மாவுக்கு எடுப்போம். கை எக்ஸ்ரேயும் வேணும்" என்றவர், தங்கள் தங்கையிடம் திரும்பி, "அதுவும் இல்லைன்னு வந்தாலும் நான் இந்தக் கையை விடப்போறதில்லை, தெரியுதா?" என்றார்.

இம்முறை வயிறார உண்டுவிட்டுச் சென்றோம். நான் வெளியிருக்கையில் அமர்த்தப்பட்டேன். ஆய்வுக்கூடத்துப் பெண்ணின் ஏற்பாடு. முடிவு வந்தது. அந்த இரண்டாம் எதிர்ப்பொருள் தங்கள் தங்கையின் குருதியில் வரம்பைப் பன்மடங்கு மீறி நின்றது. அழற்சியும் உயர்ந்திருந்தது. மருத்துவர் அதைப் படித்துச் சொன்னார். தங்கள் தங்கை அழுவார் என்று எண்ணினேன். அவர் என்னைப் பார்த்து, "அப்ப எனக்கு நிஜமாவே வலிச்சிருக்குங்க" என்றார். நோய் என்று சொல்லப்பட்டதும் முகம் தெளிந்த ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி மருத்துவர் கூறியவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். கவனிக்காமல் விட்டால் இந்நோய் மூட்டின் எலும்பை அரித்து விரல்களைக் கோணச் செய்துவிடும். கோணிய விரல் பிறகு நேராகாது. "ஆனா எக்ஸ்ரேல இன்னும் எலும்புக்கு ஒண்ணும் ஆகல. நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். நான்தான் அழைத்து வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முதன்மையான மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே. "நல்லதுதானேன்னு தினமும் குடுத்துடாதீங்க, ஆபத்து" என்று கிழமையின் பெயரைச் சீட்டிலேயே சுழித்துக் காட்டினார். இடையிடையே குருதி எடுத்துக் கல்லீரலைப் பார்ப்பார்களாம். முழுப் பயன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை வீக்கம் தணிய வேறொரு மாத்திரை. தீர்வுக்கு இத்தனை வாரம் காலக்கெடு என்பதை நான் எந்த நிர்வாகத்திடமும் ஏற்றதில்லை. இங்கே ஏற்றுக்கொண்டேன். தங்கள் தங்கை வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. சொல்லாமலிருந்தபோது எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே என்பது அதைவிடச் சுருக்கென்கிறது.

அதன்பின் அடுமனையை நான் கையிலெடுத்தேன். தங்களுக்கென்ன, மரத்தை அளந்து வெட்டினால் அளந்தபடி நிற்கும். மாவு அப்படி இல்லை, அதற்குக் கட்டுப்பாடே கிடையாது. முதல்நாள் புளிக்கவே இல்லை. இரண்டாம்நாள் புளித்துப் பொங்கிக் கலத்தைவிட்டு இறங்கி மேசை விளிம்புவரை வந்துவிட்டது, நான் இரு கைகளாலும் அணைகட்டி நின்றேன். மூன்றாம்நாள் ரொட்டி என்று சொல்லத்தக்க ஒன்று வெளிவந்தது. முடிதிருத்துநர் அதை வாங்கிப் போய், சற்று நேரத்தில் திரும்பி வந்து, "சார், கத்தி தீட்ட இதைவிட நல்ல கல்லு நான் பாத்ததில்ல, இன்னொண்ணு இருக்கா?" என்றார். 'ஹாரன்' தோழர் மட்டும் தோழமை காரணமாக ஒரு துண்டைத் தின்றார். அவர் பல் மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கிறார். தங்கள் தங்கையோ உட்கார் என்றால் உட்காருவதில்லை. நான் திரும்பும் நேரத்தில் திரைக்குப் பின்னால் போய் மாவைத் தொட்டுவிடுகிறார்.

ஆகவே கோரிக்கைக்கு வருகிறேன். நன்கு சிந்தித்து, எல்லாத் தரப்பையும் சீர்தூக்கி, ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். அடுமனை மூடப்பட வேண்டும். விரலா ரொட்டியா என்றால் விரலே. தாங்கள் அவருக்கு மூத்தவர். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார், தாங்கள் சொன்னால் கேட்பார். உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற உரிமையில், கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வரும்போது 'இவ்வடுமனை நிரந்தரமாக மூடப்பட்டது' என்று நல்ல மரத்தில் செதுக்கிய ஒரு பலகையும் கொண்டு வாருங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். முடிதிருத்துநருக்குக் கண்பார்வை சற்று மட்டம்.

தங்கள் இல்லத்தரசியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. மரத்தூள் தங்கள் கண்ணில் படாமலும், உளி தங்கள் கையில் படாமலும், தங்கள் மூட்டுகள் அனைத்தும் அவையவை இருக்கும் இடத்தில் ஓசையின்றி இயங்கியும் நெடுநாள் வாழ உளமார விழைகிறேன். காலையில் கை விறைத்தால், என்னைக் கேட்காமல், மருத்துவரைக் கேளுங்கள்.

தங்கள் அன்பிற்கு என்றும் கட்டுப்பட்ட,
தங்கை கணவன்

பின்குறிப்பு: இக்கடிதத்தை உறையிலிடும் நேரத்தில் தங்கள் தங்கை வந்து வாங்கிப் படித்தார். நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"கடையை மூடணும்னு டாக்டர் சொன்னாங்களா?"

"இல்லை."

"நான் சொன்னேனா?"

"இல்லை."

"பின்ன யாருங்க முடிவு பண்ணது?"

"எல்லாத் தரப்பையும் சீர்தூக்கி..."

"எந்தத் தரப்பு? கை என்னது, கடை என்னது. என்னை எப்பக் கேட்டீங்க?"

மைத்துனரே, கேட்கவே இல்லை. அவர் மருத்துவரிடம் தனியே கேட்டிருக்கிறார். வீக்கம் தணியும்வரை அழுத்திப் பிசையக்கூடாது, பிறகு அளவோடு செய்யலாம், கையை அசைக்காமல் வைத்திருப்பதும் நல்லதன்று என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாவு பிசையும் பொறி ஒன்றுக்கு அவர் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். விரல்கள் மடங்கிய பிறகே கடை திறக்கும் என்று கதவில் அட்டை தொங்குகிறது. நான் தினமும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறேன். "உங்ககிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன், நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க" என்றார். எனவே மேற்கண்ட கோரிக்கை முழுமையும் திரும்பப் பெறப்படுகிறது. பலகை செய்யத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். கீழே வருவது அவருடையது. எழுதுகோல் பிடிக்க அவருக்கு இன்னும் நோகிறது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் திருத்தக்கூடாது என்பது நிபந்தனை.

அண்ணா, பலகையெல்லாம் வேண்டாம். கத்தி, மாவு சுரண்டி, பூரிக்கட்டை மூணுக்கும் தடியா பிடி கடைஞ்சு கொண்டு வா. மெல்லிசுப் பிடி என் கைல நிக்க மாட்டேங்குது. ஒரு பிடி என் விரல்ல அளவெடுத்துத்தான் செய்யணும், அதனால நீயே வா. கை இன்னும் வலிக்குதுதான். முன்ன மாதிரி இல்ல, நேத்து டீ கிளாஸை விரலால பிடிச்சேன். பயப்படாதே. இவரைப் பத்தியும் கவலைப்படாதே, முட்டி நல்லாத்தான் இருக்கு, மாடிப்படி ஏறி இறங்கி, தான் சுட்ட ரொட்டியைக் காக்காய்க்குப் போட்டுக்கிட்டு இருக்கார். காக்காயும் திங்கல. இந்த வரியையும் எழுதச் சொல்லியிருக்கேன். எழுதியிருந்தார்னா, அவருக்கு வந்திருந்த நோயும் குணமாகிட்டு வருதுன்னு வச்சுக்கோ.